பழைய லேப்டாப்பும் ராகிக் களமும்



கார்த்திகைக்கு அப்புறம் இங்க ஒண்ணும் எழுதலை. சென்னையிலேர்ந்து ஒரு அம்மா, "உடம்பு சரியில்லையா, யானைத் தொந்தரவா?"ன்னு விசாரிச்சாங்க. உடம்பு நல்லா இருக்குது. யானைங்க வழக்கம்போல சானமாவு காட்டுக்கு வந்து, ராகியில அதுங்க பங்கை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நான் எழுதாததுக்குக் காரணம் லேப்டாப்பு. படுத்துடுச்சு. அதை எழுப்பின கதையத்தான் இன்னிக்கு எழுதறேன். வீட்டுல பழசு ஒண்ணு வெச்சிருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க, காசு மிச்சமாகும். காசை விடப் பெரிசா ஒண்ணு எனக்குப் போக இருந்தது. அதையும் சொல்றேன்.

இது எம்பொண்ணுக்கு அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப்பு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு ஜெயலலிதா ஆரம்பிச்சு வெச்ச திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைங்களுக்கு எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்தாங்க. தமிழ்நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல போயிருக்குது. எங்க வீட்டுக்கு வந்தது 2012-ல, பொண்ணு பன்னெண்டாவது படிச்சப்ப. ராயக்கோட்டை பஸ்லேர்ந்து பையோட இறங்கி வந்தா. தெருவுல பாதிப் பேர் எங்க திண்ணையிலதான். எங்க வீட்டுல தெலுங்கு பேசுவோம், அதனால அப்பா எங்களுக்கு நாயனா. நாயனா அதைத் தொட்டுப் பார்த்துட்டு, "இதுக்கு என்னம்மா தீனி போடணும்?"ன்னு பேத்தியைக் கேட்டார்.

பொண்ணு கிருஷ்ணகிரியில காலேஜ் முடிச்சு, கல்யாணம் ஆகி சூளகிரிக்குப் போனா. போறப்ப, "நீயே வெச்சுக்கோப்பா"ன்னு கொடுத்துட்டா. நான் பத்தாவதோட நின்னவன். தட்டச்சு கூடத் தெரியாது. அவதான் இ-கலப்பைன்னு ஒண்ணைப் போட்டுக் கொடுத்து, தமிழ்99 முறையில அடிக்கக் கத்துக் கொடுத்தா. நிஜக் கலப்பை பிடிச்ச கைக்கு இந்தக் கலப்பை பழக ஆறு மாசம் ஆச்சு.

அதுலேர்ந்து எல்லாமே இதுக்குள்ளதான். எந்தத் தேதியில எந்தக் காய் நட்டேன், மருந்துக்கு எவ்வளவு ஆச்சு, ராயக்கோட்டை மண்டியில தக்காளி கிரேட் என்ன விலைக்குப் போச்சு, எல்லாம். யானை மிதிச்ச ராகிக் காட்டைப் பிடிச்ச போட்டோ வருஷ வாரியா இருக்குது. நிவாரணத்துக்கு மனு கொடுக்கறப்ப போட்டோ, சிட்டா, அடங்கல்னு கேட்பாங்க இல்லையா, அதுக்கு. அப்புறம் பட்டா, பத்திரம், புலப்பட நகல். கூட ஒரு வீடியோ.

அந்த வீடியோவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். 2014 தை மாசம், பொண்ணு லீவுக்கு வந்தப்ப போன்ல எடுத்தது. நாயனா எங்க ரெண்டு ஏக்கர் நாப்பது சென்ட்டையும் ஒரு சுத்து நடந்து, "இந்தப் புங்கமரம் வரைக்கும் நம்முது, இந்தக் கல்லு எங்கப்பா நட்டது, இந்த வண்டித்தடம் எனக்கும் தம்பிக்கும் பொது"ன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே போவார். பதினாலு நிமிஷம். 2017-ல நாயனா போயிட்டார். வீடியோ எடுத்த போனும் எங்கயோ போச்சு. லேப்டாப்புல மட்டும்தான் இருந்தது. அது ஒரே இடத்துல இருக்குதுங்கறதே எனக்கு உறைக்கலை.

இப்ப எங்க பக்கம் நிலம் என்ன விலை போகுதுன்னு உங்களுக்கே தெரியும். ஓசூர் வளர்ந்து வளர்ந்து எங்க கிட்ட வந்துடுச்சு. இங்க பக்கத்துலயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில ஐபோனுக்குப் பாகம் செய்யறாங்க. ஷிப்ட் பஸ் போற சத்தம்தான் எங்களுக்கு இப்ப சேவல். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கற பேச்சு வந்து, 2023-ல விவசாயிங்க நாள் கணக்கா உட்கார்ந்து போராடினது பேப்பர்ல பார்த்திருப்பீங்க. சென்ட்டுக்கு விலை ஏற ஏற, அண்ணன் தம்பிக்குள்ள அடிக்கணக்குப் பேச்சும் வந்துடுது. எங்க சித்தப்பா பசங்க ரெண்டு பேரும் போன வருஷம், "வண்டித்தடம் எங்க பட்டாவுல வருது"ன்னு சொல்லி தடத்து ஓரமா ஒரு கல்லை நட்டாங்க. சண்டையில்லை. ஆனா பேச்சு குறைஞ்சுபோச்சு.

இந்த நேரத்துலதான் லேப்டாப்பு படுத்தது.

படுத்ததுன்னா ஒரே நாள்ல இல்லை. ரெண்டு மூணு வருஷமாவே நோஞ்சான்தான். பட்டனை அமுக்கிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி வழிச்சுட்டு வந்தாலும் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். பேட்டரி செத்து நாலு வருஷம், கரண்டு போனா அதுவும் பட்டுன்னு போயிடும். தேதி வேற சொந்தமா ஒரு வருஷத்தைக் காட்டும். இன்டர்நெட்டுல பாதிப் பக்கம் திறக்காது. அப்புறம் மார்கழியில ஒருநாள், உள்ள இருந்து டிக், டிக்னு ஒரு சத்தம். சுவர்ல பல்லி அடிக்கற மாதிரி. அன்னிக்கு அரைமணி நேரம் ஆகியும் திறக்கலை.

மாப்பிள்ளை, "தூக்கிப் போடுங்க மாமா, பதிமூணு வருஷ மாடு பால் கறக்குமா?"ன்னு கேட்டார். ஒரு கடையில காட்டினேன். அவர் திருகாணியைக் கூடத் தொடலை. "மதர்போர்டு போச்சு. 38,000-க்குப் புதுசு இருக்குது, தவணையில எடுத்துக்கங்க"ன்னார். மோட்டார் ஓடாதப்ப காயில் எரிஞ்சுபோச்சுன்னு சொல்ற ஆளை நாம பார்த்திருக்கோம். திறந்து பார்க்காம சொல்றவங்க பேச்சை நான் கேட்கறதில்லை. பையோட திரும்பிட்டேன்.

பொண்ணுதான் ஓசூர்ல ஒரு பையனைச் சொன்னா. சின்னக் கடை, ஒரு மேசை, ஒரு விளக்கு. பாலிடெக்னிக் படிச்ச பையன், இருபத்தஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும். லேப்டாப்பைக் காதுக்கிட்ட வெச்சு, நாடி பார்க்கற மாதிரி கேட்டான்.

"ஐயா, இதுல முக்கியமானது ஏதாவது இருக்குதா?"

"எல்லாம் முக்கியம்தான் தம்பி."

"அப்ப இனிமே ஆன் பண்ணாதீங்க. ஒரு தடவை கூட."

அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி உங்களுக்குச் சொல்றேன்.

லேப்டாப்புக்குள்ள ரெண்டு விதமான நினைவு இருக்குது. ஒண்ணு ரேம், இன்னொண்ணு ஹார்டு டிஸ்க். ரெண்டையும் ஜிபியிலதான் அளக்கறாங்க, அதனால நம்மளை மாதிரி ஆளுங்களுக்குக் குழப்பம். ரேம்ங்கறது களம். ராகிக் கதிரைப் பரப்பி, அடிச்சு, தூத்தற இடம். வேலை நடக்கற இடம். வேலை முடிஞ்சா களம் காலியாகிடும், கரண்டு போனா அதுல இருந்தது போச்சு. ஹார்டு டிஸ்க்குங்கறது ராகிக் குழி. எங்க பக்கம் அந்தக் காலத்துல மண்ணுக்குள்ள குழி வெட்டி ராகியைக் கொட்டி மூடி வெப்பாங்க, கன்னடத்துல ஹகேவுன்னு பேரு. வருஷக்கணக்கா ஒரு பூச்சி அண்டாது. கரண்டு இருந்தாலும் இல்லாட்டியும் உள்ள வெச்சது அப்படியே இருக்கும்.

எங்க லேப்டாப்புக்கு ரேம் 2 ஜிபி. 2012-ல அந்தக் களம் போதும். இப்ப ஒரு இன்டர்நெட் பக்கமே அதுல பாதியைப் பிடிச்சுக்குது. களம் பத்தலைன்னா நாம என்ன செய்வோம்? தார் ரோட்டுல கொட்டுவோம். நீங்க கூட எங்க பக்கம் கார்ல வந்தப்ப ராகித் தாள் மேலயும் கொள்ளு மேலயும் ஏத்திட்டுப் போயிருப்பீங்க. வேலை நடக்கும், ஆனா வண்டிக்கெல்லாம் வழி விட்டு, கூட்டி, திரும்பப் பரப்பி, நேரம் ஆகும். லேப்டாப்பும் அதையேதான் செய்யுது. ரேம் நிறைஞ்சதும் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்குல கொட்டி எடுத்து, கொட்டி எடுத்து வேலை பார்க்குது. அதனாலதான் அந்த ஆமை நடை.

சரி, டிஸ்க்காவது வேகமா இருக்குதான்னா, அதுவும் இல்லை. உள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்துது, நொடிக்கு 90. ஒரு ஊசிக்கை அதுமேல ஓடி ஓடித் தேடி எடுக்கணும். ராகிக் குழியும் அப்படித்தானே? திறந்த உடனே இறங்கக் கூடாது. கெட்ட காத்து போகணும், விளக்கை இறக்கிப் பார்க்கணும், அப்புறம் ஒரு ஆள் இறங்கிக் கூடையில அள்ளிக் கொடுக்கணும். இப்ப வர எஸ்எஸ்டியில சுத்தற தட்டும் இல்லை, ஓடற கையும் இல்லை. எல்லாம் சில்லுதான். கைக்கெட்டற அலமாரி மாதிரி, எந்த மூட்டையைக் கேட்டாலும் உடனே.

"அப்ப ரேமைப் பெரிசாக்கிட்டு, எஸ்எஸ்டியைப் போட்டா சரியாயிடுமா?"ன்னு கேட்டேன்.

"ஆகும் ஐயா. ஆனா உங்க விண்டோஸ் இடம் கொடுக்காது"ன்னான்.

இது எனக்குப் புதுசு. எங்களுதுல இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அது 2 ஜிபிக்கு மேல ரேமைக் கண்டுக்கவே கண்டுக்காது. நாம 8 ஜிபி வாங்கிச் சொருகினாலும் 2-தான். பக்கத்து நிலத்தை வாங்கிட்டு பட்டா மாத்தாம விட்டமாதிரி. அந்த ஸ்டார்ட்டர்ல திரையில வர படத்தைக் கூட மாத்த முடியாது. பொண்ணு எத்தனை தடவை ரோஜாப்பூ போட முயற்சி பண்ணினான்னு இப்பத்தான் காரணம் தெரிஞ்சது. விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோட கைவிட்டுட்டாங்க. குரோமும் 2023-லேர்ந்து அதுக்குப் புதுசு தரதில்லை. பக்கம் திறக்காததுக்கு அதுதான் காரணம். விண்டோஸ் 11 போடலாம்னா, இந்த வயசு எந்திரத்தை அது சேர்த்துக்காது. அதனால லினக்ஸ் மின்ட் போடறதுன்னு முடிவாச்சு. இலவசம். 4 ஜிபி ரேம் இருந்தா நிம்மதியா ஓடும்.

லினக்ஸ்னதும் ஞாபகம் வந்தது. இந்த லேப்டாப்பு வந்தப்பவே விண்டோஸோட கூட பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்தது. சென்னையில சி-டாக்ல செஞ்சது. பொண்ணும் சரி, அவ கூட்டாளிங்களும் சரி, ஒருத்தர்கூட அந்தப் பக்கம் போகலை. எந்தக் கதவைத் திறக்காமலே பதிமூணு வருஷம் இருந்தோமோ, கடைசியில அந்தத் தெருவுக்கே குடிபோறோம்.

ஆனா அதுக்கு முன்னாடி பழைய டிஸ்க்குல இருக்கறதை வெளிய எடுக்கணும்.

டிஸ்க்கைக் கழட்டி அவன் எந்திரத்துல மாட்டினான். திரையில மஞ்சள் நிறத்துல எச்சரிக்கை. தட்டுல சில இடம் கெட்டுப்போச்சாம். உப்பு பூத்த நிலம் மாதிரி, திட்டுத் திட்டா. "நீங்க திரும்பத் திரும்ப ஆன் பண்ணினது, வீட்டுல யாராவது ஸ்கேன் பண்ணிப் பார்த்தது, எல்லாமே அதுக்குச் சுமை ஐயா. கெட்ட டிஸ்க்கை ரிப்பேர் பண்ணக் கூடாது, முதல்ல காப்பி எடுக்கணும்"ன்னான். நான் ஒரு வாரமா தினம் நாலு தடவை ஆன் பண்ணிப் பார்த்திருக்கேன். வாயைத் திறக்கலை.

டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச மென்பொருள். அதோட வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. நல்லாப் படிக்க வர இடத்தையெல்லாம் முதல்ல வேகமா எடுத்துக்கும். முரண்டு பிடிக்கற இடத்தைக் குறிச்சு வெச்சுட்டுத் தாண்டிப் போயிடும். எல்லாம் முடிஞ்சப்புறம் திரும்பி வந்து, அந்தத் திட்டை மட்டும் ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கும். மழை வரதுக்குள்ள அறுப்பு அறுக்கறவன் அப்படித்தானே செய்வான்? நல்ல கதிரை முதல்ல களத்துக்குக் கொண்டுவந்துட்டு, முள்ளுப் புதர் ஓரத்தைக் கடைசியில பார்ப்பான்.

"ராத்திரி முழுக்க ஓடும், நாளைக்கு வாங்க"ன்னான். கடைசிப் பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன். சானமாவு காட்டுக்குள்ள பஸ் வரப்ப, டிரைவர் லைட்டை நிமிர்த்திப் போட்டுக்கிட்டு மெதுவா ஓட்டினார், யானை நிக்குமோன்னு. வழக்கமா நானும் ஜன்னல் வழியா காட்டைத்தான் பார்ப்பேன். அன்னிக்கு எம்மனசு அங்க இல்லை. நாயனா குரல் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்க்கறேன், சரியா வரலை. முகம் வருது, குரல் வரலை. வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். "உங்க குரல் மாதிரியேதான், கொஞ்சம் கரகரப்பு"ன்னா. களி உருண்டை பாதி தட்டுலயே இருந்தது.

மறுநாள் போனேன். "தொண்ணூத்தொம்பது பங்குக்கு மேல வந்துடுச்சு ஐயா"ன்னான். போகாத அந்தக் கொஞ்சத்துல எது இருந்ததுங்கறதுதானே கேள்வி. கணக்கு வந்துடுச்சு. பட்டா, பத்திரம் வந்துடுச்சு. யானைப் போட்டோவுல 2016-ஆம் வருஷத்துதுல பாதி போச்சு. கல்யாணப் போட்டோவுல ஏழெட்டு சாம்பல் பூசின மாதிரி ஆகிப்போச்சு.

வீடியோவைத் திறக்கச் சொன்னேன். நாயனா வந்தார். வெள்ளைத் துண்டு, கையில கம்பு. பதினாலு நிமிஷத்துல ஒரு நிமிஷம் மட்டும் படம் கட்டம் கட்டமா உடைஞ்சு சத்தமும் நின்னுபோச்சு. கிணறு யார் வெட்டினாங்க, எத்தனை பாறைக்கு வெடி வெச்சாங்கன்னு அவர் சொன்ன இடம் அது. அது இனிமே யாருக்கும் தெரியப்போறதில்லை. மிச்சமெல்லாம் இருக்குது. அந்தப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேற ஏதோ திருகாணியைத் தேடிக்கிட்டிருந்தான். நல்ல பையன். துடைச்சுக்கட்டும்னு விட்டான்.

அப்புறம் சாமான் வாங்கற வேலை. லேப்டாப்பைத் திறந்து பார்த்தா ரேமுக்கு ரெண்டு பள்ளம். ஒண்ணுல 2 ஜிபி, இன்னொண்ணு பதிமூணு வருஷமா காலி. இதுக்கு டிடிஆர்3 ரகம்தான் பொருந்தும். இப்ப வர டிடிஆர்4, டிடிஆர்5 எதுவும் சொருகாது, வெட்டு வேற இடத்துல இருக்கும். டிடிஆர்3 கடையில புதுசா அதிகம் வரதில்லை, கழட்டின பழசுதான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுலேர்ந்து 4 ஜிபி ரெண்டு வரவழைச்சான். ரெண்டும் ஒரே அளவா ஜோடியாப் போட்டா கொஞ்சம் வேகம் கூடும்னான். ஏர்ல ஜோடி மாடு உசரம் ஒத்துப்போகணும் இல்லையா.

விலையைக் கேட்டுத்தான் யோசனை ஆச்சு. "போன வருஷம்னா இதைவிட ரொம்பக் கம்மி ஐயா. இப்ப ரேம், எஸ்எஸ்டி எல்லாம் ஏறிப்போச்சு"ன்னான். ஏன்னு கேட்டேன். உலகத்துல ரேம் சில்லு செய்யற பெரிய கம்பெனி மூணுதான், சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ கம்ப்யூட்டருங்களுக்கு வேண்டிய விலை கூடின ரகத்துக்கு அவங்க ஆலையைத் திருப்பிட்டாங்களாம். சாதா ரேம் வரத்து குறைஞ்சு 2025 கடைசியிலேர்ந்து விலை ஏறிக்கிட்டே இருக்குது. இது எனக்கு ஒரு நொடியில புரிஞ்சது. ஊர்ல எல்லாரும் குடைமிளகாய்க்கும் ரோஜாவுக்கும் மாறிட்டா தக்காளி என்ன ஆகும்? 2023 ஜூலையில நீங்க கிலோ நூறுக்கு மேல கொடுத்து வாங்கினீங்க இல்லையா, அதுமாதிரிதான். ஒரு வித்தியாசம். தக்காளி மூணு மாசத்துல திரும்ப விளைஞ்சு ரோட்டுல கொட்டற விலைக்கு வந்துடும். சில்லு ஆலை கட்ட வருஷக்கணக்கு ஆகும்.

உள்ள பார்த்தப்ப இன்னொரு கூத்து. காத்தாடியில எங்க ஊர் செம்மண்ணும் ராகித் தூசும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைச்சிருந்தது. ஒரு ஓரத்துல எறும்புக் கூடு, காலி செஞ்சுட்டுப் போன வீடு. பிரஷ்ஷும் ஊதற எந்திரமும் வெச்சுச் சுத்தம் பண்ணி, பிராசசருக்குப் புதுப் பசை தடவினான். தேதி மாறினதுக்குக் காரணம் ஒரு பொத்தான் செல். ஐம்பது ரூபாய்.

கணக்கு கேட்பீங்க, எழுதறேன். 256 ஜிபி எஸ்எஸ்டி 2,600. ரேம் ரெண்டும் 1,700. காப்பி எடுத்தது, சுத்தம் பண்ணினது, லினக்ஸ் போட்டது எல்லாம் சேர்த்து கூலி 1,500. செல் 50. பென்டிரைவ் ரெண்டு 1,700. மொத்தம் 7,550 ரூபாய். அந்த வாரம் மண்டியில எனக்குக் கிடைச்ச விலை கிரேட்டுக்கு 250. அப்ப முப்பது கிரேட் தக்காளி. புதுசு வாங்கியிருந்தா நூத்தி ஐம்பது கிரேட்டுக்கு மேல. கொஞ்சம் வலிக்கத்தான் செஞ்சது, ஆனா தவணை இல்லை.

இப்ப பட்டனை அமுக்கினா முப்பது நொடிக்குள்ள திறந்துடுது. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக நேரமில்லை. இ-கலப்பை இதுல இல்லை, ஆனா தமிழ்99 லினக்ஸ்லயே இருக்குது, விரலுக்கு எந்த மாத்தமும் தெரியலை. இந்தப் பதிவை அதுலதான் அடிக்கறேன். பேட்டரி இன்னும் மாத்தலை, அடுத்த விளைச்சலுக்குப் பார்க்கலாம். படம் எடிட் பண்றது, விளையாட்டு அதெல்லாம் இதுல நடக்காது. பிராசசர் அதே கிழவன்தான், களத்தையும் குழியையும் மாத்தினா வயசு குறையாது. என் வேலைக்கு இது தாராளம்.

தை மாசக் கடைசியில ஒரு சாயங்காலம், சித்தப்பா பசங்களைக் கூப்பிட்டேன். "தடத்தைப் பத்திப் பேசவா அண்ணா?"ன்னு பெரியவன் கேட்டான். "இல்லடா, காப்பி குடிக்க வாங்க"ன்னேன். திண்ணையில லேப்டாப்பை வெச்சு வீடியோவைப் போட்டேன்.

ஒன்பதாவது நிமிஷத்துல நாயனா வண்டித்தடத்துல நின்னு, "இது பொது. நான் மூணு அடி, தம்பி மூணு அடி விட்டோம்"னு சொல்வார். சொல்லிட்டு வரப்புப் பக்கம் திரும்பி, "அவுனா ரா?"ன்னு கேட்பார். அங்க சித்தப்பா உட்கார்ந்து பீடி பிடிச்சுக்கிட்டிருப்பார். நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சு, "அவுனு அன்னா"ம்பார். ஆமாண்ணான்னு அர்த்தம். அவ்வளவுதான். ரெண்டு நொடி.

சித்தப்பா 2021-ல கொரோனாவுல போயிட்டார். முகத்தைக் கூடச் சரியாப் பார்க்க விடலை, துணியில சுத்தித்தான் கொடுத்தாங்க. அந்தப் பசங்ககிட்ட அவர் நடக்கற, பேசற படம் ஒண்ணுகூடக் கிடையாது. ரேஷன் கார்டு போட்டோதான் பெரிசாக்கி மாட்டியிருக்காங்க.

பெரியவன் எழுந்து வாசல் வரைக்கும் போய் நின்னுக்கிட்டான். சின்னவன், "இன்னொரு தடவை போடுண்ணா"ன்னான். போட்டேன். திரும்பவும் போடச் சொன்னான். தடத்தைப் பத்தி யாரும் பேசலை. கிளம்பறப்ப, "எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"ன்னு கேட்டான். ரெண்டாவது பென்டிரைவை அவன்கிட்ட கொடுத்தேன்.

இதெல்லாம் கோர்ட்டுல நிக்குமான்னு என்னைக் கேட்காதீங்க, அதுக்காக நான் போட்டுக் காட்டலை. அவங்க நட்ட கல்லு இன்னும் அங்கயேதான் இருக்குது. ஆனா போன வாரம் உழவுக்கு டிராக்டர் வந்தப்ப, பெரியவனே வந்து தடத்துல கிடந்த முள்ளை இழுத்து ஓரமாப் போட்டான்.

சரி, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

பழைய லேப்டாப்பு மெதுவா இருந்தா உடனே தூக்கிப் போடாதீங்க. களம் பத்தலையா, குழி மெதுவா, இல்லை ரெண்டுமான்னு முதல்ல பாருங்க. சுத்தற டிஸ்க் இருந்தா முதல் காசை எஸ்எஸ்டியில போடுங்க, வித்தியாசம் அதுலதான் அதிகம். ரேம் வாங்கறதுக்கு முன்னாடி எந்த ரகம், எத்தனை பள்ளம், உங்க விண்டோஸ் எவ்வளவு வரைக்கும் ஏத்துக்கும், இந்த மூணையும் கேட்டுக்கங்க. சில புது லேப்டாப்புல ரேமைப் போர்டோட ஒட்டியே வெச்சிருக்காங்க, அதைக் கூட்ட முடியாது. புதுசு வாங்கறவங்க அதையும் பார்த்து வாங்குங்க.

டிக் டிக்னு சத்தம் வந்தா அந்த நிமிஷமே நிறுத்திடுங்க. நான் பண்ணின மாதிரி நாலு தடவை பார்க்காதீங்க.

அப்புறம், விதை ராகியை எங்க ஆளுங்க ஒரே வீட்டுல வெக்கமாட்டாங்க. கொஞ்சம் அக்கா வீட்டுல, கொஞ்சம் பங்காளி வீட்டுல இருக்கும். ஒரு வீட்டுல எலி பிடிச்சாலும், தீப்பிடிச்சாலும் இன்னொரு வீட்டுலேர்ந்து வாங்கி விதைச்சுக்கலாம். பரம்பரையா இதைத் தெரிஞ்ச நானே, பன்னெண்டு வருஷத்தை ஒரே டிஸ்க்குல வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். இப்ப ஒரு பென்டிரைவ் சூளகிரியில பொண்ணு வீட்டுல, ஒண்ணு சின்னவன் வீட்டுல. பட்டா, பத்திரம், அந்த வீடியோ மூணும் கூகுள் டிரைவ்லயும் இருக்குது, 15 ஜிபி வரைக்கும் சும்மாவே தராங்க. இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுப் பெரியவங்க குரல் எத்தனை இடத்துல இருக்குதுன்னு எண்ணிப் பாருங்க. ஒரு இடம்னா, காப்பி எடுத்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புங்க. குரலே இல்லைன்னா, போனை எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்துல உட்காருங்க. கிணறு யார் வெட்டினதுன்னு கேளுங்க. நான் அதைத்தான் தொலைச்சேன்.

அடுத்த பதிவுல இந்த வருஷ யானைக் கதை. மூணு ஃபேஸ் கரண்டு வந்துடுச்சு, தக்காளிக்குத் தண்ணி மாத்திவிடணும். வரேன்.